பராஸ்காவின் பலகை

பராஸ்காவுக்கு நான் ஐந்து டாலர் கடன்பட்டிருந்தேன். பந்தயத்தில் தோற்ற கடன்.

புல்வெளிக் காற்றில் ஆடும் ஏணியில், வாயில் தூரிகையைக் கவ்விக்கொண்டு அவள் நின்றால், எங்கள் ஊரான ஹார்வனில் யாரோ செத்துவிட்டார்கள், இல்லை ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். தபால் நிலையத்தை நடத்தும் அவள்தான் ஊர் எல்லையிலுள்ள மக்கள்தொகைப் பலகைக்கும் பொறுப்பு. யாரும் கொடுத்ததில்லை, அவளே எடுத்துக்கொண்டது.

நிலக்கரி வெட்டிய காலத்தில் அந்தப் பலகையில் ஆயிரத்து இருநூறு இருந்தது. சுரங்கத்தை மூடியபின் இறங்குமுகம்தான். பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து, எண் இருக்கும் இடம் மட்டும் தடித்துப் புடைத்திருக்கிறது.

போகிறவனை அன்றைக்கே அழிப்பாள். வருகிறவன் ஒரு குளிர்காலம் தாங்கினால்தான் சேர்ப்பாள். கோடையில் வந்து வானத்தை வியந்தவர்களெல்லாம் முதல் பனிப்புயலிலேயே ஓடியதைப் பார்த்தவள் அவள்.

இந்த எண் இனி ஏறவே ஏறாது என்று பந்தயம் கட்டினேன். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. பதினான்கு வயதில் சுரங்கத்தில் இறங்கி, பின்னால் சொந்தமாக மூன்று லாரி ஓட்டியவன் நான். என் கணக்கு தப்பாது. "ஏறும்யா" என்றாள் பராஸ்கா. சாவதற்குள் ஒரு தடவையாவது கூட்டி எழுதிவிட வேண்டும் அவளுக்கு.

போன இலையுதிர் காலத்தில் மகன் வீட்டோடு இருந்துவிடலாமென்று வான்கூவர் கிளம்பினேன். கார் ஊர் எல்லையைத் தாண்டும்போதே பின்கண்ணாடியில் ஏணி தெரிந்தது. அங்கே ஓயாத மழை. என் லாரிக் கதையைக் கேட்க ஒரு ஆள் இல்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, திரும்பிவிட்டேன்.

என்னை மறுபடி சேர்க்கச் சொன்னேன்.

"நீ புதுசா வந்தவன், வாசில். குளிர் போகட்டும், பாப்போம்."

"நான் இங்க கரி வெட்டினவன்டி."

"கரியே போயிருச்சு. நீ என்ன பெரிய ஆளு?"

அந்தக் குளிர்காலம் முழுக்க, என் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று தினமும் காலையில் பார்க்க வந்தாள். வாசல் பனியைத் தள்ளிவிட்டு, பீட்ரூட் சூப்பை வைத்துவிட்டு, "வசந்தம் வரைக்கும் செத்துத் தொலைச்சிராதய்யா" என்று சொல்லிப் போவாள்.

பனி உருகியதும் ஏணி வந்தது. நாற்பத்தாறை அழித்து நாற்பத்தேழு என்று எழுதினாள். ஏழின் கோட்டைச் சீராக்கவே வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். நின்று வேடிக்கை பார்த்த எனக்கு அப்போதுதான் உறைத்தது: கூடிய அந்த ஒன்று நான்தான்.

திரும்பிக்கூடப் பார்க்காமல், கறுப்புப் பெயின்ட் அப்பிய கையை ஏணியிலிருந்து கீழே நீட்டினாள். ஒவ்வொரு டாலர் காசாக எண்ணி வைத்தேன். ஐந்தாவது காசு விழும்வரை அந்தக் கை மூடவில்லை.