பனியில் விழுந்த தேங்காய்

தேங்காய் உடைக்கும்போது 'டக்' என்ற சத்தம் கேட்கும்வரை எனக்கு மூச்சு வராது. லண்டன் இல்ஃபோர்ட் வீட்டுக் குசினியில் நின்று புட்டுக்குத் தேங்காய் உடைக்கிறவளுக்கு அப்படி என்ன பயம் என்று மகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். அவளுக்கு அல்ப்ஸ் மலை என்றால் பனிச்சறுக்கு. எனக்கு அது அண்ணையின் தேங்காய்.

அண்ணை என் கூடப்பிறந்தவர் அல்ல. எண்பதுகளின் நடுவில், லண்டனில் இருந்த என் கணவரிடம் வந்துசேர ஊரிலிருந்து கள்ளப்பாதையில் புறப்பட்டபோது, ஆட்களைக் கடத்தும் ஏஜென்சிக்காரன் வழித்துணையாகச் சேர்த்துவிட்ட மனிதர். ஒவ்வொரு எல்லையிலும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடிக்காமல் காலெடுத்து வைக்கமாட்டார். சட்டைத்துணிகூட ஒழுங்காக இல்லாத பையில் தேங்காய் மட்டும் எப்போதும் இருந்தது. கடைசித் தேங்காயை மிலான் நகரில் கடை கடையாக அலைந்து வாங்கினார்.

அல்ப்ஸில் நாங்கள் தாண்டவேண்டிய கணவாயின் அடிவாரம் பனிச்சறுக்குக்காரரின் ஊர். அன்றைக்குக் காற்றுப் பலமென்று, ஆட்களை மேலே ஏற்றும் கம்பிக் கதிரைகளை நிறுத்திவிட்டார்கள். ஹோட்டல் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைக்காரர் சூடாக ஏதோ குடித்துக்கொண்டிருந்தார்கள். சறுக்கத் தெரிந்தவனே ஏறப் பயந்த நாளாகப் பார்த்து, மலையில் காவலுக்கு ஆள் இராது என்று எங்களைக் காரில் கொண்டுவந்து இறக்கினான் ஏஜென்சிக்காரனின் ஆள், அந்தப் பாவி. "கம்பிக்குக் கீழாலை நேரை ஏறுங்கோ. உச்சிக்கு அங்காலை பிரான்ஸ்" என்றான். கார் திரும்பிப் போய்விட்டது. எனக்குச் சேலைக்கு மேல் யாரோ தந்த ஓவர்கோட், காலில் துணிச் சப்பாத்து. தலைக்கு மேலே வெறுங் கதிரைகள் காற்றில் கிறீச்சிட்டபடி ஆடின. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதை விட்டுப் போகவில்லை.

உச்சியை எட்டியதும் அண்ணை தேங்காயை எடுத்தார். கண்ணை மூடிக் கும்பிட்டு, ஓங்கி அடித்தார். சத்தமே இல்லை. பனியில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். அந்த மலை முழுக்க ஒரு கல் வெளியில் தெரியவில்லை. உடையாத தேங்காய் எவ்வளவு கூடாத சகுனம் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அண்ணை முழங்காலில் அமர்ந்து வெறுங்கையால் பனியைக் கிளறத் தொடங்கினார்.

"விடுங்கோ அண்ணை, போவம்."

"உடையாமல் விட்டிட்டுப் போகேலாது தங்கச்சி. உம்மை உம்மடை மனுசனிட்டை உயிரோடை குடுக்கவேணும்."

என் உயிருக்காகத்தான் கிளறுகிறார், அந்தக் கிளறலே எங்கள் இரண்டு பேரையும் கொல்லப் போகிறது என்று நினைத்தேன். நாங்கள் வந்த காலடிகள் மூடிவிட்டன. கம்பியைத் தாங்கும் இரும்புத் தூண்களில், பக்கத்தில் நின்ற ஒன்றைத் தவிர மற்றவை தெரியவில்லை. தனியே போகவும் பயம், நிற்கவும் பயம். பிள்ளையாரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். கடைசியில் அண்ணை தேங்காயைத் தோண்டியெடுத்து, அந்தத் தூணில் அடித்து உடைத்தார். பாதியை என்னிடம் நீட்டி, "கடியும்" என்றார். அவருடைய விரல்கள் மெழுகுபோல வெளிறியிருந்தன.

கணவாயைத் தாண்டினோம். அங்கால் ஆஸ்பத்திரியில் அவருடைய வலக்கை விரல்கள் இரண்டை எடுத்துவிட்டார்கள்.

தொண்ணூறுகளில், மகளின் பள்ளிக்கூடம் பிள்ளைகளை அதே மலைக்குச் சறுக்கக் கூட்டிப்போனது. நான் ஏலாது என்று ஒற்றைக்காலில் நின்றேன். லண்டனிலேயே நோர்பரியில் குடியிருந்த அண்ணை வந்தார். "விடும். பிள்ளை பாஸ்போட்டோடை எல்லோ போறாள்" என்றார். பஸ் வெளிக்கிடும்போது தார் றோட்டில் ஒரு தேங்காய் அடித்தார். சிதறிய சத்தத்தில் ரீச்சர் துள்ளிவிட்டார்.

மகள் திரும்பிவரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்தவள் மூக்குத்தோல் உரிந்த முகத்தோடு, "மாமா, ஸ்நோ சரியான சொஃப்ட். எத்தினை தரம் விழுந்தாலும் ஒண்டும் உடையாது" என்றாள்.

"ஓம் பிள்ளை, ஒண்டும் உடையாது" என்று சொல்லி, அண்ணை வலக்கையை மெல்லக் கோட்டுப் பைக்குள் விட்டார்.

அண்ணை இப்போது இல்லை. இன்று மகள் தன் பிள்ளைகளோடு அந்த மலைக்குப் புறப்படுகிறாள். விடிய எழும்பி, தேங்காயோடு வாசல் கதவைத் திறந்தால், கடவுளே, இல்ஃபோர்ட் தெரு முழுக்கப் பனி. "அம்மா, குளிருக்குள்ளை என்ன செய்யிறியள்?" என்று மகள் உள்ளேயிருந்து கத்தினாள். தேங்காயைப் பக்கத்தில் வைத்துவிட்டு முழங்காலில் இருந்தேன். தார் தெரியும்வரை வெறுங்கையால் கிளறினேன்.