வாய் நசுங்கிய கோது

எண்பதுகளில் பாரிஸ் நகரத்து லா சப்பலில் ஒரு துப்பாக்கிக் கடையைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னறையில் எங்கள் ஊர்ப்பக்கத்து மெலிந்த மனிதர் ஒருவர், சுட்டு முடிந்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளைக் கழுவி, மறுபடி வெடிமருந்து நிரப்புவதற்காக நீளம் அளப்பார். கீறல் விழுந்தது அகப்பட்டால், யாரும் தவறி நிரப்பிவிடாதபடி குறட்டால் அதன் வாயை நசுக்கிப் போடுவார்.

ஒருநாள் சட்டைப் பையிலிருந்து ஒரு கோதை எடுத்து அளந்தார். அளவு சரி, கீறலும் இல்லை. ஆனாலும் நசுக்கினார். நான் கடைப்பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"அண்ணை, நல்ல கோதெல்லோ! முதலாளி கண்டால் ரெண்டு பேரையும் வேலையாலை கலைச்சுப்போடுவான்."

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். இது கடையின்ரை இல்லையடா தம்பி. ஊரிலை என்ரை பெடியன் சூடுபட்டு விழுந்த இடத்திலை பொறுக்கினது."

அதைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கோதை அளந்தார். அன்றும் நல்ல கோதுகளையெல்லாம் நிரப்பக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அவரால் அது எப்படி முடிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.