கல்லுப்பு போட்ட ஐஸ்

மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்கு உள்ளூர் விடுமுறை விட்ட அன்றைக்குத்தானா அந்தப் பார்சல் வர வேண்டும்? கல்லூரி ஆய்வகம் பூட்டிக் கிடந்தது. வடசேரி கூரியர் அலுவலகத்தில் அதை வாங்கிக்கொண்டு, கடற்கரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே பஸ் ஏறினேன்.

உள்ளே சுண்டுவிரல் உயரக் குப்பியில் கொஞ்சம்போல ஆன்டிபாடி. தாய்ப்பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதென்று நிறம் காட்டிச் சொல்லும் திரவம். பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே பால் வற்றிப்போன எங்கள் கரைப் பெண்களிடம் ரத்தம் எடுத்து வைத்திருந்தேன். அந்த ரத்தம் ஒரே ஒரு சோதனைக்குத்தான் காணும். அந்தப் பிள்ளைகள் இப்போது நடக்கத் தொடங்கிவிட்டார்கள். இனித் திரும்ப ரத்தம் எடுத்துப் பயனில்லை. ஆய்வேட்டுக்கு எனக்குக் கொடுத்த கடைசி நீட்டிப்பும் முடியப்போகிறது.

"சூடு ஏறிச்சுன்னா செத்துரும்மா" என்று அம்மாவிடம் சொல்லி, குப்பியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு அசதியில் படுத்தேன். உறையவும் கூடாது என்று சொல்லவில்லை. குப்பியின் மேல் இங்கிலீஷில் எழுதியிருந்தது. மீன் விற்கிற அம்மா அதை எங்கே வாசிக்க?

எழுந்தபோது கரண்டும் இல்லை, ஃபிரிட்ஜில் குப்பியும் இல்லை. கருங்கல் சந்தைக்கு மீன் கொண்டுபோகும் தெர்மாகோல் பெட்டியை அம்மா காட்டினாள்.

"பேடிக்காத மக்கா. ஐஸ நொறுக்கி, கல்லுப்பும் போட்டு நடுவுல வச்சிருக்கேன். நாளை வரைக்கும் கல்லு மாதிரி கெடக்கும்."

குப்பிக்குள் மருந்தும் உறைந்து கல் மாதிரிதான் கிடந்தது. உப்புப் போட்டால் ஐஸின் குளிர் இன்னும் இறங்கும் என்பதை நான் வகுப்பில் படித்தேன். அம்மா கையால் படித்தவள். அவளைத் திட்ட வாய் வரவில்லை. என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் ஆய்வகத்தில், அளவு தெரிந்த ஹார்மோனை மட்டும் வைத்து முதலில் சோதித்துப் பார்த்திருக்கலாம். எந்த முட்டாளும் அதைத்தான் செய்வான். சோதித்தால் செத்தது தெரிந்துவிடுமே என்று பயம். உருகியதும் தெளிவாகத்தானே இருக்கிறது, ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அத்தனை பெண்களின் ரத்தத்தையும் ஒரே சோதனைத் தட்டின் குழிகளில் விட்டேன். நீலம் வர வேண்டும். ஒரு குழியிலும் வரவில்லை. அளவு தெரிந்த ஹார்மோன் விட்ட குழிகள்கூட வெறும் தண்ணீராய் நின்றன. எல்லாம் நாசமாய்ப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மாவோடு வரும்போது, ரத்தம் கொடுத்தவர்களில் ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வழியில் நின்றாள்.

"அக்கா, ரிசல்ட்டு வந்தா? அழகு கெட்டுருமுன்னு நான் பால குடுக்காம வத்த வச்சேனாம். எனக்க மாமியா இன்னும் அதத்தான் சொல்லுதாவ. ஒடம்புலதான் கொறன்னு ஒரு பேப்பர்ல எழுதித் தாங்கக்கா."

நான் வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள். "வரும்ட்டி. மருந்து ஒரு பொட்டும் கெடாம நாந்தான ஐஸ் வச்சுக் குடுத்தேன்."

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "அடுத்த வாரம் தாரேன்" என்றேன்.