அவள் கொடியில் காய்ந்த சட்டை

பக்கத்து வீட்டுக்காரியின் துணி வெளுப்பைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் வாடகை வீடுகளுக்கு ஒரே மொட்டைமாடி. என் கொடியும் அவள் கொடியும் அருகருகே. இரண்டு பேருக்கும் ஒரே சோப்புதான். அவள் துணியில் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். என்னுடையதில் மட்டும் மிளகுப்பொடி தூவியதுபோல் இரும்பு உருக்கும் ஆலையின் கரி.

கேட்க ரோஷம் விடவில்லை, திருட்டுத்தனமாகக் கவனித்தேன். ஈரத்துணியால் கொடியைத் துடைப்பாள். ஒவ்வொன்றையும் நன்றாக உதறி, உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, சட்டையைத் தலைகீழாகப் போட்டு கிளிப் மாட்டுவாள். அத்தனையும் செய்தேன். கரி போகவில்லை. ஒருநாள் அவளே சொன்னாள்: "காலையில காத்து கம்பெனி பக்கத்துலருந்து வருதுக்கா. மத்தியானம் கடக்காத்து வந்தப்புறம் போடு."

பழவேற்காட்டில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண். காற்றைப் பார்க்கத் தெரிகிறது. நான் திருவாலங்காட்டில் நெல் காயவைத்து வளர்ந்தவள். வெயில் வந்தால் விரிப்பேன். இவள் என்ன எனக்குச் சொல்வது என்று, வீம்புக்கு, காலையிலேயே போட்டுக்கொண்டிருந்தேன்.

மகளுக்குப் பள்ளியில் அணிவகுப்பு, முதல் வரிசை. முந்தின நாள் மகளின் வெள்ளைச் சட்டையிலும் கரி. வெறுத்துப்போய்ப் பொதுக் குழாயடி வாளியில் ஊறப்போட்டுவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

மூன்றரை மணிக்கு மாடியேறினால், அவள் கொடி நிறைய வெள்ளை. அவள் பால்வாடியிலிருந்து பிள்ளையை அழைத்துவரப் போயிருந்தாள். மேற்கே மேகம் கட்டிக் காற்று திரும்பி, ஆலைப் பக்கமிருந்து அடிக்கத் தொடங்கியது. எடுத்துவைக்க ஒரு நிமிடம் ஆகாது. கையைக் கட்டிக்கொண்டு, கரி விழுவதைப் பார்த்தேன். மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

மூச்சிரைக்க ஓடிவந்தவள் ஒரு சட்டையைப் புரட்டி என்னிடம் நீட்டினாள். பாக்கெட்டில் என் மகள் பள்ளியின் முத்திரை.

"வாளியில கெடந்துச்சி, பாப்பாவுதாச்சேன்னு தொவைச்சிப் போட்டேன். பாழாப் போச்சேக்கா! நீ பாக்கலியா?"

"இப்பத்தான் ஏறி வரேன்."

நம்பிவிட்டாள். அவளே மறுபடி துவைத்து, ஃபேனுக்கு அடியில் காயவைத்து, தேய்த்தும் கொடுத்தாள்.

மறுநாள் மகள் குதித்துக்கொண்டு வந்தாள். "என் சட்டைதான் பளிச்சினு கீதுன்னு மிஸ் சொன்னாங்கம்மா. யாரு தொவைச்சதுன்னு கேட்டாங்க."

"இன்னா சொன்ன?"

"பக்கத்தூட்டு ஆன்ட்டின்னேன்."