இரும்புக் குளிசையும் என் தேநீரும்

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனால் தேயிலையை ஒரு தடவை மணந்து பார்த்தால் மலைநாட்டில் எந்தப் பக்கத்தில் விளைந்தது என்று சொல்லிவிடுவேன். கொட்டாஞ்சேனையில் இரண்டு தேயிலைக் கடைகள், வெள்ளவத்தையில் வீடு, எல்லாம் இந்த மூக்கு தேடித் தந்தவை.

மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்புப் போகவில்லை. கீமோ மருந்து இரண்டு முறை ஏற்றியாயிற்று. மூன்றாம் முறை போனபோது டொக்டர் நிறுத்திவிட்டார். உடம்பில் இரும்புச் சத்துக் குறைவு, இரத்தம் போதாது. இரத்தம் நன்றாக இருந்தால்தான் மருந்தைக் குறித்த நாளில், முழு அளவில் ஏற்றலாம் என்றார். இரும்புக் குளிசை எழுதித் தந்தார்.

அதைக் காலையும் மாலையும் நானே கொடுத்தேன். கூடவே, கடும் சாயத்தில் ஒரு கோப்பைத் தேநீர்.

"குடியும். என்ர தேயிலைச் சாயத்துக்கு இரத்தம் தானா ஊறும்."

வீட்டுக்கு வந்தவர்களிடமும் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

மூன்று கிழமை கழித்துப் பார்த்தால் இரத்தம் ஏறவேயில்லை.

"அம்மா, குளிசையை என்னத்தோட குடிக்கிறீங்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"தேத்தண்ணியோட."

"அது இரும்பை உடம்பில சேர விடாது. ஆர் அப்பிடிக் குடிக்கச் சொன்னது?"

கடைத்தெருவில் நாலு பேரை அடக்கிப் பேசுகிற வாய் எனக்கு. அன்று திறக்கவில்லை.

"நான்தான் டொக்டர், பழகிப்போச்சு," என்றாள் அவள்.

தேநீர் மட்டும் காரணமில்லை, கீமோவும் இரத்தத்தைக் குறைக்கும் என்றார் அவர். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தப்பப் பார்த்தேன். ஆனால் சிகிச்சை மறுபடி தள்ளிப்போனது. அதுவரை கட்டி சும்மா இருக்குமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நாளைக்கே வந்து இரத்தம் ஏற்றச் சொன்னார்.

ஓட்டோவில் வரும்போது கேட்டேன்: "ஏன் பழியை உம்மட தலையில போட்டனீர்?"

"மருந்துக்கடைப் பிள்ளை அண்டைக்கே சொன்னவள், தேத்தண்ணியோட வேண்டாமெண்டு."

"தெரிஞ்சுகொண்டோ குடிச்சனீர்?"

"ஓம். வேண்டாமெண்டா ஒரு கிழமைக்கு முகத்தைத் தூக்கி வைச்சிருப்பியள். கீமோவைத் தாங்கலாம், அதைத் தாங்கேலாது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

மறுநாள் அவளுக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது டொக்டரைத் தேடிப் போய், "தேத்தண்ணி குடுத்தது நான்," என்றேன்.

"சரி ஐயா, இனிக் குடுக்காதேங்கோ," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.