எட்டுக் காலடித் தபால்

பெரியப்பா நின்ற இடத்திலிருந்து அப்பா நின்ற இடத்துக்கு எட்டுக் காலடி. அளந்தது நான், என் ஒன்பது வயதுக் காலால். நடுவில் ஒரு வண்டி நின்றது. வண்டி என்று சொல்வது மரியாதைக்கு. பாதி வண்டி, கூரையில்லாத வண்டி. அதைச் சுற்றித்தான் போகவேண்டும். அந்தச் சனிக்கிழமை எத்தனை தரம் சுற்றினேன் என்று தெரியாது. கோயிலிலே கூட நான் அவ்வளவு சுற்றியதில்லை.

ஊரைவிட்டு வந்து நார்த்மீட்டில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் கராஜுக்குள் கார் ஒருநாளும் நின்றதில்லை. அரிசி மூட்டைகள் நின்றன, உடைந்த தையல் மெஷின் நின்றது, இந்த வண்டி நின்றது. காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப்போகிற சின்ன ட்ரெயிலர். உள்ளே இரண்டு பேர் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் சமைக்க ஒரு குட்டிக் குசினி. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் மெலிந்து, விழப்போன நீர்த்துளி ஒன்றைப் பிடித்துப் படுக்கவைத்த வடிவம். கடையில் வாங்க வசதியில்லாத காலத்தில் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து பழைய இரும்புச் சட்டம் ஒன்றைத் தேடிப்பிடித்துத் தொடங்கியது. முடிந்ததும் கடற்கரைக்குப் போவதாகப் பேச்சு. அம்மாவுக்கு அதில் நீர்த்துளி எதுவும் தெரியவில்லை. பலாக்கொட்டை என்றுதான் சொல்லுவா.

"இந்தப் பலாக்கொட்டை முளைக்கப் போகுதோ, இல்லை எறியிறதோ?" என்று அம்மா அந்தக் கிழமை கேட்டா. வரும் திங்கட்கிழமை கவுன்சில்காரர் தெருவில் வைக்கும் பழைய சாமான்களை அள்ளிக்கொண்டுபோக வருகிற நாள். ஞாயிறு பின்னேரத்துக்குள் கூரை ஏறாவிட்டால் வண்டி தெருவோரத்துக்குப் போகும் என்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டு, அதையே பெரியம்மாவுக்கும் தொலைபேசியில் சொன்னா. அம்மாவும் பெரியம்மாவும் கதைப்பதை ஒருநாளும் நிறுத்தவில்லை. நிறுத்தியவர்கள் ஆண்கள். சனிக்கிழமை காலை பெரியப்பா தன் தச்சு ஆயுதப்பெட்டியோடு வந்து, அப்பாவைத் தாண்டி, கராஜுக்குள் போனார். "வா" என்று ஒருவரும் சொல்லவில்லை, "வாறன்" என்று ஒருவரும் சொல்லவில்லை.

அவர்கள் கதைக்காமல் விட்டு அப்போது பதினொரு மாதம். காரணம் எனக்குத் தெரியும்; எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. அப்பா ஊரில் வைத்தியராக இருந்தவர். இங்கே வைத்தியம் பார்ப்பதற்கு ஒரு சோதினை. இரண்டு தரம் விழுந்து, பெற்றோல் ஷெட்டில் கல்லாவில் நின்று காசு வாங்கிப் போட்டுக்கொண்டு, மூன்றாம் தரம் எடுத்தார். அதுதான் கடைசித் தரம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அந்தச் சோதினை தொடங்கிய காலையில் ஊரில் அப்பப்பா, இவர்கள் இருவரின் தகப்பன், செத்துப்போனார். செய்தி பெரியப்பா வீட்டுக்கு வந்தது. பெரியப்பா நாலு நாள் சொல்லவில்லை. எழுத்துச் சோதினை முடிந்து, நோயாளியைப் பார்த்துக் காட்டுகிற சோதினையும் முடிந்த பின்னேரம் வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி சொன்னார். அதற்குள் ஊரில் எல்லாம் முடிந்திருந்தது. கொள்ளி வைத்தது ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர்.

அப்பா பாஸ். அதுதான் கோளாறு. விழுந்திருந்தால் பெரியப்பாவை இரண்டு நாள் திட்டிவிட்டு ஆறியிருப்பார். பாஸ் பண்ணிய மனிதன் என்ன செய்வது? ஒவ்வொரு மாதமும் சம்பளத்தோடு அந்த நாலு நாளும் வீட்டுக்கு வந்தது.

அந்த நாலு நாளுக்குள் என் ஒன்பதாவது பிறந்தநாளும் இருந்தது. படம் எடுத்திருந்தார்கள். கேக்குக்குப் பின்னால் அப்பா கடுதாசித் தொப்பியோடு வாய்நிறையச் சிரிக்கிறார். பக்கத்தில் பெரியப்பா. அவரும் சிரிக்கிறார். அவர் மறைத்ததைக் கூட அப்பா ஒருவேளை பொறுத்திருப்பார்; அந்தச் சிரிப்பைப் பொறுக்கவில்லை. படத்தை அல்பத்திலிருந்து எடுத்துவிட்டார். எங்கே வைத்தார் என்று தெரியவில்லை.

ஆனால் கதைப்பதில்லை என்றால் வராமல் விடுவது என்று அர்த்தமில்லை. எங்கள் ஆட்களின் கோபத்துக்கு ஒழுங்குமுறை உண்டு. மேய்ஸ் ஹில் முருகனிடம் இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்று விபூதி வாங்குவார்கள். விருந்துகளில் ஒரு கதிரை இடைவெளி விட்டு உட்காருவார்கள். அந்தக் கதிரையில் பெரும்பாலும் நான். "உன்ரை கொப்பருக்கு அந்த உப்பைக் குடு" என்பார் பெரியப்பா. குடுப்பேன். அப்படித்தான் எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது. சம்பளம் இல்லை, ஆனால் இரண்டு பெரிய மனிதர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பெருமை இருந்தது.

கூரைக்கு ஒட்டுப்பலகையை, அதாவது ப்ளைவுட்டை, வளைப்பது, தூர இருந்து பார்த்தால், ஒன்றும் நடக்காத வேலை. மூன்று மில்லிமீற்றர் பலகை. கதவை விட நீளம். அப்பா முதலில் வாங்கியது நீட்டுவாக்கில் வளையாத சாதி. அது கராஜ் மூலையில் இரண்டு துண்டாகச் சாய்ந்திருந்தது. இரண்டாவதைப் பெரியப்பா கொண்டுவந்தார். அவர் குசினி அலுமாரிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. நார் ஓடும் திசையை விரலால் தடவிப் பார்த்து எடுத்த பலகை. மூன்றாவது பலகை இல்லை, திங்கட்கிழமைக்கு முன் கிடைக்கவும் கிடைக்காது.

பலகையின் ஒரு நுனியை வண்டியின் மூக்கடியில் ஆணி திருகி இறுக்கியாயிற்று. மறு நுனி கராஜ் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதன் மேல் கொதிதண்ணீரில் நனைத்த, அப்பா வீட்டில் உடுக்கும் பழைய சாரங்கள் மூன்று. தண்ணீர் அம்மாவின் புட்டுப் பானையில் கொதித்து, கேத்திலில் வந்தது. லொறிகளில் சாமான் கட்டுகிற பட்டிகள் இரண்டைப் பலகைக்கு மேலால் போட்டு, வண்டியின் பின்பக்கச் சட்டத்தில் மாட்டியிருந்தார்கள். பட்டியின் கைபிடியை ஆட்டினால் கிடுக், கிடுக் என்று ஒவ்வொரு பல்லாக இறுகும். பலகை மயிரிழை குனியும். பிறகு காத்திருக்கவேண்டும். சாரம் ஆறினால் திரும்பவும் கொதிதண்ணீர். திரும்பவும் ஒரு பல். இப்படியே ஒரு காலைநேரம் முழுவதும் ஆவியாகப் போயிற்று; கராஜ் ஈரமரமும் பழைய சாரமும் மணத்தது.

அப்பா பின்னால் நின்று கைபிடியை ஆட்டினார். பெரியப்பா முன்னால் குந்தியிருந்து, வளைவு இறுக்கமாக விழுகிற இடத்தில் காதை வைத்துக் கேட்டார். பலகை நடுவில் படுதாவாக நின்றது. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. இருவருக்கும் அது வசதி. பக்கத்து வீட்டுக்காரர் வேறு புல் வெட்டிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் மெல்லச் சொன்னால் மறுபக்கம் கேளாது. உரத்துச் சொன்னால் அது கதைத்ததாகிவிடும்.

ஆகவே நான்.

"பிள்ளை, கொப்பரிட்டைச் சொல்லு, இது சோதினை இல்லை, மணி அடிக்க முதல் எழுதி முடிக்கத் தேவையில்லை எண்டு."

எட்டுக் காலடி நடந்து போய், "பெரியப்பா மெல்லச் செய்யட்டாம்" என்றேன்.

அப்பா கைபிடியை விடாமல் சொன்னார்: "அவருக்கு எல்லாம் தெரியும். எப்ப சொல்லவேணும் எண்டது மட்டும்தான் தெரியாது. அப்பிடியே போய்ச் சொல்லு."

எட்டுக் காலடி திரும்பி வந்து, "அப்பா சரியாம்" என்றேன்.

"அவ்வளவும்தானோ சொன்னவர்? அவ்வளவு நேரம் வாய் அசைஞ்ச மாதிரி இருந்துது."

"தண்ணியும் கேட்டவர்."

இப்படியாக ஒரு தொழில் எனக்குப் பிடிபட்டது. முள்ளை எடுத்துவிட்டு மீனைக் குடுப்பது. ஒரு சொல்லை வண்டியின் சில்லடியில் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோனால் மறுபக்கத்து முகம் கொஞ்சம் ஆறுகிறது. ஆறிய முகத்திலிருந்து வருகிற மறுமொழியில் முள் குறைவு. மதியத்துக்குள் நிலைமை எவ்வளவோ முன்னேறியிருந்தது. பெரியப்பா ஒருமுறை "கை வலிச்சால் மாறுவம் எண்டு சொல்லு" என்றார். அதில் நான் கைவைக்கவில்லை, அப்படியே கொண்டுபோனேன். அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

பலகை அப்போது பாதிக்கு மேல் குனிந்திருந்தது. மூக்கின் வட்டம் தெரியத் தொடங்கிவிட்டது. நேற்றுவரை வெறும் மரச்சட்டங்களாக நின்ற ஒன்று, திடீரென்று ஒரு மிருகத்தின் முதுகாகிவிட்டது. அப்பா இரண்டடி பின்னால் போய், தலையைச் சரித்து அதைப் பார்த்தார். சிரித்தார். எனக்காகவோ யாருக்காகவோ இல்லை, வளைந்த மரத்துக்காக. அந்தச் சிரிப்பை நான் பதினொரு மாதமாகக் காணவில்லை.

அதே நேரம் முன்பக்கத்தில் பெரியப்பா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். காதைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை.

"ஓடிப்போய்ச் சொல்லு, நிப்பாட்டட்டும். உள்ளுக்கை நார் விடுது, சத்தம் கேக்குது. இன்னொருக்கா சுடுதண்ணி ஊத்தி அரைமணித்தியாலம் விடவேணும். இனி ஒரு பல்லும் வேண்டாம்."

ஓடினேன். அப்பா இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். "பாத்தியே, எப்பிடி வருது! என்னவாம் அங்காலை?"

எனக்கு முன்னால் அந்த முகம் இருந்தது, வாய்க்குள் அந்தச் செய்தி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் நின்ற நேரம் அதிகமில்லை. முள்ளை எடுத்துப் பார்த்தேன். இந்த மீனில் முள்ளைத் தவிர வேறொன்றும் இல்லை.

"வடிவா வருதாம்" என்றேன்.

அரைமணித்தியாலம் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அல்லது சாப்பிட்ட பிறகு. அப்பா கைபிடியைப் பிடித்தார். கிடுக். கிடுக்.

பெரியப்பா முன்னால் குந்தியிருந்தபடி பட்டி இறுகுவதைப் பார்த்தார். தான் நிறுத்தச் சொல்லியும் தம்பி வேண்டுமென்றே இறுக்குகிறார் என்று நினைத்திருப்பார். ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. வாயைத் திறந்து மூடினார்.

வெடித்த சத்தத்துக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்தார்கள். அது ஊரில் குண்டுச் சத்தத்துக்குப் பழகிய குனிவு. பிறகு நிமிர்ந்தார்கள். வளைவின் உச்சியில், சாரத்துக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்கு மேல்தோல் பிளந்து நின்றது. உள்ளே மரம் கோழியிறைச்சி போல வெளுத்திருந்தது.

அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். காலையிலிருந்து நான் நடந்த வழியை அவர் முதல்முறையாக நடந்தார்.

பெரியப்பா என்னைத்தான் பார்த்தார். "சொன்னனியோ?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"என்னத்தைச் சொன்னவர்?" என்று அப்பா என்னிடம் கேட்டார்.

"நிப்பாட்டச் சொன்னவர்."

"எப்ப?"

"அப்பவே."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

அடி விழும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அடிப்பது வழக்கமில்லை, என்றாலும் அந்தப் பிளவுக்கு ஒரு அடி நியாயம்தான் என்று எனக்கே பட்டது. ஆகவே உண்மையைச் சொன்னேன்.

"நீங்கள் சிரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். அதான் கொஞ்சம் பொறுத்துச் சொல்லுவம் எண்டு."

பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டே இருந்தார். சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. பெரியப்பா கையிலிருந்த திருகாணிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்தார், எடுத்தார், திரும்பவும் வைத்தார். அப்பா பெயின்ற் வாளி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். இருவரில் ஒருவரும் பலகையைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை, உடைந்தது பலகைதானே.

"ஊரிலையிருந்து ரெலிபோன் கோல் எத்தனை மணிக்கு வந்தது?" என்று அப்பா கேட்டார். என்னைப் பார்க்கவில்லை. அப்பா யாரிடம் கேட்கிறார் என்று நான் சுற்றிப் பார்த்தேன்.

"விடிய ஆறு மணி" என்றார் பெரியப்பா.

"ஆர் எடுத்தது?"

"நான்தான்." பெட்டியை மூடினார். "காரை எடுத்துக்கொண்டு வந்தனான். உங்கடை வீட்டு வாசல்மட்டும். நீ குசினி யன்னலுக்குப் பக்கத்திலை நிண்டு சேட்டுக்கு அயர்ன் பண்ணிக்கொண்டு நிண்டனி."

"உள்ளை வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்."

"சாகேக்கை கடைசியா ஆரையாவது தேடினவரோ?"

பெரியப்பா மறுமொழி சொல்வதற்கு முன் தானும் ஒரு இடம் தேடினார். இடமில்லை. வண்டியின் சில்லில் சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் இப்போது இரண்டு காலடி கூட இல்லை. நான் அந்த இரண்டு காலடிக்குப் பக்கத்தில், கையில் வெறும் கேத்திலோடு, யாராவது எதையாவது தந்துவிடுவார்கள் என்று நின்றேன். ஒருவரும் தரவில்லை. கேள்வி நேராகப் போயிற்று, மறுமொழி நேராக வந்தது. அதில் முள்ளும் இருந்தது; ஒருவரும் எடுக்கவில்லை. அப்படியே விழுங்கினார்கள்.

அந்த வண்டி தெருவோரத்துக்குப் போகவில்லை. பிளவின் மேல் அலுமினியத் தகடு ஒன்றை வைத்து ஆணியால் தறைந்தார்கள். எத்தனையோ மழை பார்த்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. தெரிந்ததெல்லாம் என் உத்தியோகம் போய்விட்டது என்பதுதான். ஒரே ஒரு பிழைக்கு.

குசினிக்குள் போய் முறைப்பாடு சொன்னேன்.

"அம்மா, அவை என்னை விட்டிட்டுத் தாங்களே கதைக்கினம்."

அம்மா அடுப்பை நிற்பாட்டினா. "கதைக்கினமோ? இரண்டு பேருமோ?"

"ஓம். என்னட்டை ஒண்டும் தந்துவிடுகினம் இல்லை."

அம்மா கராஜ் கதவுப் பக்கம் இரண்டு அடி வைத்து, நின்று, திரும்பி வந்து என் தோளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினா. "இஞ்சையே இரு. அங்காலை போகாதை. கூப்பிட்டாலும் போகாதை." குரல் கடுமையாக இருந்தது. பலகையை உடைத்ததற்கான தண்டனை இதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

கதவுக்கு அப்பால் இரண்டு குரல்களும் போய்க்கொண்டே இருந்தன, அவசரமில்லாமல். நான் கதிரையில் இருந்தபடி, அடுத்த கிழமை பெரியப்பா வரும்போது என்ன சொல்லி அந்த வேலையைத் திரும்பவும் கேட்பது என்று யோசித்தேன். இனிமேல் ஒரு சொல்லும் விடாமல் கொண்டுபோவேன் என்று சத்தியம் பண்ணிக் குடுத்தால் தருவார்கள் என்றுதான் நினைத்தேன்.