தூக்கல் அக்காவும் கறுப்பு டேப்பும்

ஸ்டூடியோ இருந்த தெருவில் தூக்கல் அக்கா என்று சொன்னால்தான் அவளை அடையாளம் தெரியும். சமையலில் உப்பு தூக்கல் என்போமே, அதுபோல அவள் எடுக்கிற படத்தில் வெளிச்சம் எப்போதும் கொஞ்சம் தூக்கல். ஃபிலிம் காலத்தில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் காட்டுகிற அளவை அவள் ஒருநாளும் மதித்ததில்லை. அதற்கு மேல் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் விழுகிற மாதிரி, திறந்துதான் வைப்பாள். திமிர் இல்லை, காரணம் இருந்தது. ஃபிலிமில் வெளிச்சம் குறைந்தால் தலைமுடியும் கண்ணுக்குழியும் வெறும் கறுப்பாகிவிடும், பிறகு தலைகீழாக நின்றாலும் மீட்க முடியாது. கூடினால் பாதகமில்லை, பிரிண்ட் போடும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம்.

அப்பா விட்டுப்போன அந்த ஸ்டூடியோவில் கணக்கு வழக்கு தம்பி கையில், கேமரா அக்கா கையில். தம்பிதான் டிஜிட்டல் கேமராவை வாங்கி வந்தான். அதன் தலையில் ஒரு குமிழ். ஆட்டோவில் திருப்பி வைத்தால் வெளிச்சம், ஷட்டர் வேகம் எல்லாவற்றையும் அதுவே தீர்மானிக்கும். மேனுவலில் வைத்தால் எடுப்பவர் பாடு. அக்கா யோசிக்கவே இல்லை, நேராக மேனுவலுக்குத் திருப்பினாள். இத்தனை வருஷம் எல்லாம் தானே பார்த்துக்கொண்டவள், இனி மட்டும் ஒரு இயந்திரத்திடம் ஏன் கேட்க வேண்டும்?

வந்தது வினை. நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் குரூப் போட்டோ. வாசற்படியில் நல்ல வெயிலில் எல்லாரும் வெள்ளைச் சீருடையில் நின்றார்கள். அக்கா பழக்கதோஷத்தில் ஒரு ஸ்டாப் கூட்டி வைத்து எடுத்தாள். வெயிலில் கேமராத் திரையும் சரியாகத் தெரியவில்லை, கைமேல் இருந்த நம்பிக்கையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஸ்டூடியோவில் திறந்து பார்த்தால் காலரும் இல்லை, பொத்தானும் இல்லை. துவைத்துக் காயப்போட்ட ஒரே போர்வைக்கு மேலே வரிசையாகத் தலைகள் எட்டிப்பார்த்தன. பள்ளித் தலைவியம்மா படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

தம்பி சத்தம் போடவில்லை. போட்டிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். குமிழை ஆட்டோவுக்குத் திருப்பி, அது நகராதபடி கறுப்பு டேப்பை ஒட்டினான்.

“நீ கவுண்டர்ல உக்காருக்கா. இனிமே கேமரா தானாவே பாத்துக்கும். போற இடத்துக்கு நான் போய்க்கறேன்.”

அக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தப்பு அவளுடையதுதான், அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் ஒரு தப்புக்கு இத்தனை வருஷத்துக் கையைக் கட்டிப்போடுவதா? கவுண்டர் நாற்காலியில் உட்கார்ந்தாளே தவிர, மனம் அங்கே ஒட்டவில்லை.

கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்துவது தம்பி மனைவியின் வேலை. மதியம் தம்பி சாப்பிடப் போனதும் அக்கா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தப் பாழாய்ப்போன படத்தைத் திறக்கச் சொன்னாள். எவ்வளவு மங்கலாக்கியும் சீருடை சாம்பல் நிறமானதே ஒழிய ஒரு மடிப்புகூடத் திரும்பவில்லை. பக்கத்து மரநிழல் இருட்டைத் தூக்கிப் பார்த்தபோதோ, இலைகூட வந்தது.

“இதுல வெள்ளை வெந்துபோனா போனதுதான் அண்ணி. இருட்டை ஓரளவு மீட்டுடலாம்” என்றாள் தம்பி மனைவி.

அட, எல்லாம் தலைகீழ்! ஃபிலிமில் கறுப்புக்குப் பயந்தோம், இதில் வெள்ளைக்குப் பயப்பட வேண்டும், அவ்வளவுதானே. அதற்காகவா என்னை நாற்காலியில் உட்கார வைத்தான் என்று அக்காவுக்குக் கோபம் இரட்டிப்பானது.

மறுபடி எடுக்கத் தம்பி கிளம்பியபோது, யாரும் கூப்பிடாமலே ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அவளும் போனாள். அதே படி, அதே வெயில். தம்பி அழுத்தினான். அத்தனை வெள்ளையைப் பார்த்து மிரண்ட கேமரா, தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது. சீருடை அழுக்குத் துணிபோல மங்கியிருந்தது, முகங்கள் கருத்துப்போயிருந்தன. தலைவியம்மா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “போன தடவை உடம்பைக் காணோம், இந்தத் தடவை மூஞ்சியைக் காணோம்” என்றார்.

அக்கா கையை நீட்டினாள்.

“மறுபடியும் சொதப்பினா?” என்றான் தம்பி, தாழ்ந்த குரலில்.

“சொதப்பினா இனி கேமராவைத் தொடமாட்டேன். ஆயுசுக்கும் கவுண்டர்தான். கொடு இப்படி.”

நகத்தால் டேப்பைக் கிழித்தாள். வழக்கமாகப் படியில்தான் எடுப்பார்கள் என்று தம்பி முனகியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், எல்லாரையும் கட்டடத்தின் நிழல் விழுந்த சுவரோரம் நகர்த்தினாள். முன்வரிசைப் பெண்ணின் காலரை மட்டும் ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். வெள்ளை வெந்துபோன இடத்தைக் கேமரா திரையில் மினுக்கிக் காட்டியது. பழைய கை இன்னும் திறக்கச் சொன்னது. பேசாமல் இரு என்று அதை அடக்கி, வெளிச்சம் குறைய ஷட்டர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாள். மினுக்கல் அடங்கியது. பிறகுதான் குரூப்பை எடுத்தாள்.

தலைவியம்மா வெகுநேரம் பார்த்தார். காலர் இருந்தது, பொத்தான் இருந்தது, கடைசி வரிசைப் பெண்ணின் சிரிப்பும் இருந்தது. “இதுதான் எங்க பிள்ளைங்க” என்றார்.

மறுநாள் காலையில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போகத் தம்பி கேமராவை எடுத்தான். குமிழைத் திருப்பினால் அசையவில்லை. பார்த்தால் அதே கறுப்பு டேப், இந்த முறை மேனுவலில் அழுத்தி ஒட்டியிருந்தது.

“என்னக்கா இது?”

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே அவன் கையிலிருந்து கேமராவை வாங்கினாள்.

“நீ கவுண்டர்ல உக்காரு தம்பி. போற இடத்துக்கு நான் போய்க்கறேன்.”